பின்னோக்கி ஓடிய ரோலர் கோஸ்டர்

நட்டத்தில் ஓடும் ஒரு தீம் பார்க்கில் நீங்கள் மேலாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் சுற்றுகிறது, உட்கார ஆளில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். முதலாளி முதல் நாளே கேட்பார்: "புதுசா என்ன ரைடு போடலாம்?" அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். 2010-ல் ஜப்பானின் ஒசாகாவில் ஏறக்குறைய இதே நிலைமையில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் என்ன செய்தார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அவர் பெயர் சுயோஷி மொரியோகா. பி அண்ட் ஜி நிறுவனத்தில் ஷாம்பு விற்றுக்கொண்டிருந்தவர். அவர் மார்க்கெட்டிங் பொறுப்பேற்ற யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் 2001 மார்ச்சில் திறந்தது. முதல் ஆண்டில் 1.1 கோடிப் பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே கூட்டம் 80 லட்சத்துக்கும் கீழே போனது. காரணம் ரைடுகள் அல்ல. காலாவதியான உணவுப் பொருள்களைப் பயன்படுத்தியது, குடிநீர்க் குழாயில் தொழிற்சாலைத் தண்ணீர் கலந்தது, அனுமதித்த அளவைத் தாண்டி வெடிமருந்து வைத்தது என 2002-ல் வரிசையாக வெளியே வந்த குளறுபடிகள். போன பெயரை மீட்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்லாவில் காசு குறையும்போது முதலில் கை வைக்கத் தோன்றுவது பராமரிப்புச் செலவில்தான். அங்கே மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொரு பக்கம் டோக்கியோ டிஸ்னி. அங்கே இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர். அதோடு மோத ஒசாகாக்காரர்கள் பிடித்து வைத்திருந்த கொள்கை, "நம்முடையது சினிமா பார்க், சினிமாவைத் தவிர வேறெதுவும் நுழையக் கூடாது" என்பது. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சினிமாவுக்காக மட்டும் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று மொரியோகா கணக்குப் போட்டார். கார்ட்டூன், வீடியோ கேம் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கேமைப் பூங்காவுக்குள் கொண்டுவருமுன் அதைத் தானே நூற்றுக்கணக்கான மணி நேரம் விளையாடிப் பார்த்தார். ரசிகர்கள் எதற்காக உயிரை விடுகிறார்கள் என்பது அறிக்கையைப் படித்தால் தெரியாது என்பது அவர் கட்சி.

வருகிறவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் படிவம் நிரப்புவது எல்லாப் பூங்காக்களிலும் நடக்கிறது. வராதவர்கள் யார் என்று பாருங்கள். ஒசாகாவில் வராமல் இருந்தவர்கள் சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்கள். நான்கு வயதுப் பிள்ளையைப் பெரிய ரைடுகளில் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினால் அந்தக் குடும்பம் மறுபடி எதற்கு வரும்? 2012-ல் ஸ்னூப்பி, ஹலோ கிட்டி பொம்மைகளோடு குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி திறந்தது. அந்த ஓட்டை அடைபட்டது.

இனி பணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2010-ல் திறந்த ஹாரி பாட்டர் உலகத்தைப் பார்த்த மொரியோகா, அதை ஒசாகாவில் கட்டியே தீருவது என்று நின்றார். செலவு 4,500 கோடி யென். அப்போது நிறுவனத்தின் ஓராண்டு விற்பனையில் பாதிக்கும் மேல். தலைமை அதிகாரி முதலில் ஒரேயடியாக மறுத்தார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் மறுத்திருப்பேன். பிறகு ஒப்புக்கொண்டார். திறப்பு 2014-ல்தான். அதுவரை பெரிய செலவு எதற்கும் வழியில்லை. கூட்டமோ ஆண்டுதோறும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஹாரி பாட்டருக்கே காசு இருக்காது.

உங்கள் வேலைக்கு உதவும் பாடம் அந்த நான்கு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

2011-ல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. நாடே துக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஹாலோவீன் சமயத்தில் புதிதாக எதையும் கட்டவில்லை. பொழுது சாய்ந்ததும், ஏற்கெனவே இருந்த செட்டு வீதிகளில் முகத்தில் ரத்தச் சாயம் பூசிய ஜாம்பிகளை நடமாட விட்டார்கள். அலுவலகத்தில் வாயைத் திறக்காமல் இருக்கும் பெண்கள் தொண்டை கிழியக் கத்த ஓர் இடம் தேடுகிறார்கள் என்பது மொரியோகாவின் கணிப்பு. அது பலித்தது. வேடதாரிகளின் சம்பளமும் மேக்கப்பும்தான் பெரிய செலவு. நடந்து கடக்கிற வீதியே ரைடு ஆகிவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2013-ல் நடந்தது. கையில் காசே இல்லாத ஆண்டு. 2007 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. அது பின்னோக்கி ஓடுவதுபோல் தனக்குக் கனவு வந்ததாக மொரியோகா பிறகு எழுதினார். தண்டவாளம் அதேதான். அதில் ஒரு வண்டி மட்டும் பயணிகளை முதுகுப் பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. மார்ச்சில் அறிமுகமானபோது ஒரு நாள் காத்திருப்பு நேரம் 9 மணி 40 நிமிடத்தைத் தொட்டது. புல்லட் ரயிலில் ஒசாகாவிலிருந்து டோக்கியோ போய்த் திரும்பவே ஐந்து மணி நேரம்தான் ஆகும்.

ஆகவே முதல் மாதத்தில் கேட்டலாக் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் பார்க்கில் இருக்கும் ஒவ்வொரு ரைடு முன்னாலும் நின்று, இதை இருட்டில் ஓட்டினால் என்ன, திருப்பி ஓட்டினால் என்ன, மழையில் ஓட்டினால் என்ன என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது பராமரிப்பு என்ஜினீயரிடம். அவர் "முடியாது" என்றால், எந்த போல்ட்டில் ஆரம்பித்து முடியாது என்று உட்கார்ந்து பேசுங்கள். பாதி "முடியாது"கள் அங்கேயே கழன்றுவிடும். மீதிப் பாதியில் அவர் சொல்வதுதான் சரி, விட்டுவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டம் குறைந்தால் தள்ளுபடி போடச் சொல்லி நாலு பேர் வருவார்கள். ஒசாகாவில் நேர்மாறாகச் செய்தார்கள். 2010-ல் 6,000 யென்னை ஒட்டியிருந்த டிக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 7,000-ஐத் தாண்டவைத்தார்கள். தள்ளுபடிக்காக வருகிறவர் அடுத்த தள்ளுபடி வரை வரமாட்டார்.

செலவழிக்கக் காசில்லாமல் எல்லாமே பழசாகிப்போன பூங்கா என்றால்? டோக்கியோவுக்குப் பக்கத்தில், சைதாமா மாகாணத்தில் செய்புயென் என்றொரு பூங்கா 1950 முதல் இருக்கிறது. ஒசாகாவை விட்டு விலகிய பிறகு மொரியோகா தொடங்கிய கம்பெனியும் சேர்ந்து அதைப் புதுப்பித்து 2021 மே மாதம் திறந்தது. சுமார் 1,000 கோடி யென் செலவு. ஹாரி பாட்டர் கணக்கோடு ஒப்பிட்டால் கால் பங்குகூட இல்லை. பெயின்ட் அடித்து இளமையாக்கப் பார்க்கவில்லை. 1960-களின் கடைவீதி ஒன்றை உள்ளே உருவாக்கினார்கள். கடைக்காரர் வீதியில் நின்று கூவி அழைப்பார். திடீரென்று ஒரு திருடன் ஓட, போலீஸ்காரர் விசில் ஊதித் துரத்துவார், நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே செலவழிக்கத் தனி நோட்டுகூட அச்சடித்தார்கள். பழசு என்பதுதான் அந்தப் பூங்காவின் நோயாக இருந்தது, அதையே சரக்காக்கி விற்றார்கள். நடிப்பவர்களுக்குப் பயிற்சி தராமல் இதை முயன்றால் கேலிக்கூத்தாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை எழுந்தவர் விழமாட்டார் என்றும் நினைக்க வேண்டாம். 2005-ல் டிஸ்னி பக்கத்தில் வந்தபோது ஹாங்காங்கின் ஓஷன் பார்க் அழிந்துவிடும் என்றார்கள். மலையையும் கடலையும் விலங்குகளையும் நம்பி நின்று, ஆண்டுக்கு 70 லட்சம் பேரைத் தாண்டியது. 2020-ல் அதே பூங்கா அரசின் 540 கோடி ஹாங்காங் டாலரால்தான் பிழைத்தது.

ஒசாகாவில் ஹாரி பாட்டர் 2014 ஜூலை 15-ல் திறந்தது. 2016 நிதியாண்டில் 1.46 கோடிப் பேர் வந்தார்கள். 2017 தொடக்கத்தில் மொரியோகா விலகினார். சில மாதங்களுக்கு மட்டும் என்று தொடங்கிய அந்தப் பின்னோக்கி ஓடும் வண்டியை ஆண்டுகள் பல போயும் நிறுத்தவில்லை.