களத்துக்குப் போகுமுன் கை நனைக்க வேண்டிய வீடு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய பயிற்சி அட்டவணையும் கிடைத்தன. உங்கள் சேகரத்து மிஷனெரி கமிட்டி சபையாரில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆறு சனிக்கிழமை பயிற்சி. நவம்பரில் ஜார்க்கண்ட் களத்தில் இரண்டு வாரம். திரும்பி வந்ததும் உங்கள் ஊர் நூற்பாலையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களிடையே ஊழியம். மிஷனெரி ஞாயிறன்று காணிக்கை போடுவதோடு கடமை முடிந்தது என்றிருக்கும் சபைகளுக்கு நடுவே இப்படி ஒரு எண்ணம் வந்ததற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

அட்டவணையில்தான் எனக்குச் சங்கடம். ஜெபம், சாட்சி சொல்லும் முறை, இந்திப் பாட்டுகள், கைப்பிரதி கொடுப்பது, முதலுதவி, கடைசியில் அர்ப்பணிப்பு ஆராதனை. ஆறும் நாம் கொடுக்கப்போவதைப் பற்றியவை. போகிறவர் யார், எந்தத் தெருவில் வளர்ந்தார், யார் வீட்டில் இதுவரை கை நனைத்ததில்லை என்று கேட்க ஒரு சனிக்கிழமைகூட இல்லை. மொழியை ஒரு வருஷத்தில் ஓரளவு பிடித்துவிடலாம். சாதி மட்டும் பெட்டியோடு பெட்டியாக ரயிலேறிக் கூடவே வந்துவிடும்.

நம்முடைய சரித்திரத்தையே எடுத்துக்கொள். வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், கிராமத்துச் சபை ஐயரின் மகன். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள கிறிஸ்தவர்கள் கடல் தாண்டித் தமிழகத்துக்கு மிஷன் ஊழியம் செய்வதைக் கண்டார். அவர்களால் முடிகிறது, இத்தனை பெரிய திருநெல்வேலிச் சபையால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி அவரைத் துளைத்தது. மறுவருஷம், 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணம் நம்முடையது, ஆள் நம்முடைய ஆள். நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதி களமானது. இது வரைக்கும் ஒவ்வொரு மிஷனெரி ஞாயிறிலும் பிரசங்கத்தில் கேட்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் பயிற்சி கொடுப்பவனுக்கு வேண்டியது.

அசரியா 1909-ல் தாமே அங்கே போனார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் பெரிய கூட்டங்களில் பேசிப் பெயர் வாங்கிய மனிதர். அவர் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து படித்தார். அதைவிடக் கடினமான பாடம் கிராமங்களில் காத்திருந்தது. சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரண்டு சமூகத்தார். ஊர் இருவரையும் தள்ளி வைத்திருந்தது. அவர்களோ ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடமாட்டார்கள். நாடார் குடும்பத்தில் பிறந்த அசரியா அந்த இரு சாராரையும் பயிற்சிக் கூடங்களில் ஒன்றாக உட்கார வைத்தார், ஒரே பந்தியில் சாப்பிட வைத்தார், தாமும் அவர்களோடு உட்கார்ந்தார். அந்தப் பந்தி நடந்திராவிட்டால் மற்ற பிரசங்கமெல்லாம் காற்றோடு போயிருக்கும் என்பது என் கணிப்பு.

கல்கத்தாவில் 1912 டிசம்பர் 29 அன்று அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். அவர் 1945-ல் இறந்தபோது தோர்ணக்கல் திருமண்டலத்தில் சபையார் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை பேரை வளர்த்தது சம்பளம் வாங்கிய ஊழியர்கள் மட்டுமல்ல. ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரும் தம் தலையில் கை வைத்து, சுவிசேஷம் சொல்வது என் கடமை என்று அறிக்கையிடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். வருஷத்துக்கு ஒரு சாட்சி வாரம் உண்டு. கூலிக்காரரும் எழுத்தறியாத பெண்களும் பாட்டுப் பாடிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். சபையாருக்குப் பயிற்சி என்று நீ புதிதாகத் தொடங்குவதாக நினைக்கிறாயே, நூறு வருஷத்துக்கு முன்பே தோர்ணக்கல் வயற்காட்டில் நடந்த காரியம் இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவில் 1910-ல் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசினார். வெள்ளைக்கார மிஷனெரிகள் உழைக்கிறார்கள், தியாகம் செய்கிறார்கள், ஆனால் எங்களைச் சிநேகிதராக நடத்துவதில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நாம் அந்தப் பேச்சைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இன்றைக்கு ஜார்க்கண்டின் மலைக்கிராமத்தில் ஒரு இளைஞன் எழுந்து, தமிழ்நாட்டிலிருந்து வருகிற அண்ணன்மாரைப் பற்றி அதையே சொன்னால் கேட்க நமக்குக் காது இருக்கிறதா?

ஆகவே முதல் சனிக்கிழமையை நான் சொல்கிறபடி வை. இருபது பேரையும் வேற்று மாநிலத்துக்கு அனுப்பாதே, உங்கள் ஊர்க் காலனிக்கு அனுப்பு. இரண்டிரண்டு பேராக ஒரு வீட்டுக்குப் போகட்டும். பிரசங்கம் வேண்டாம், கைப்பிரதி வேண்டாம். அழைத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரட்டும், அவ்வளவுதான். யார் வயிற்றுவலி என்று நழுவினார், யார் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோனார், யார் வீட்டில் பெரியவர்கள் சண்டை பிடித்தார்கள் என்பதை நீ பார்த்துக்கொண்டாலே பாதிப் பயிற்சி முடிந்தது. இது நம் சபைக்கு ஒன்றும் புது நோயில்லை. பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே போனார்கள். கத்தோலிக்கரிடையேயும் அதே கதைதான்: வடக்கன்குளம் கோயிலுக்குள் இரண்டு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிந்தது. கல்லறைத் தோட்டங்களில் இன்றும் நிற்கும் சுவர்களை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, கற்றுக்கொள்வது. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் இறங்கியவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகிய கதையை ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். அதன் பின்பாதியைச் சொல்வதில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, தமிழரின் தெய்வங்களைப் பற்றித் தமிழர்களிடமே கேட்டு, 1713-ல் ஒரு பெரிய நூலை எழுதி முடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அனுப்பிவைத்த பெரியவர்களுக்குக் கோபம். புறமதத்தை ஒழிக்கப் போனவன் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுவதா என்று கிடப்பில் போட்டுவிட்டார்கள். அது அச்சேறியது 1867-ல், சென்னையில். களத்துக்குப் போனவன் கற்றுக்கொண்டான், அனுப்பியவர்கள் கற்கவில்லை. உன் இருபது பேருக்கும் பாடம் எடுக்கும்போது கமிட்டி மெம்பர்களையும் பெஞ்சில் உட்கார வை. அவர்கள் மாறாவிட்டால், போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்க ஊரில் ஆள் இருக்காது.

ஜார்க்கண்டில் நீங்கள் போகிற ராஜமகால் மலைப் பகுதியில் மால்தோ பேசும் பகாரியா மக்கள் இருக்கிறார்கள். மால்தோ நம் தமிழுக்கு உறவு மொழி, திராவிடக் குடும்பம். அதனால் இந்திப் பாட்டோடு போய் இறங்கினால் அவர்களுக்கு இரண்டாவது மொழியில், நமக்கு மூன்றாவது மொழியில் பேச்சு நடக்கும். பத்து மால்தோ வாக்கியம் கற்றுக்கொண்டு, தப்பாகப் பேசி, அவர்கள் சிரிப்பதைத் தாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல். மலேரியாவும் காலா அசாரும் உள்ள இடம், கொசுவலை கட்டாயம். முதலுதவி வகுப்பை மாவட்ட மருத்துவமனை செவிலியர் யாரையாவது வைத்து நடத்திவிடு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பற்றி உன் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பயமாக இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில், தன் விசுவாசத்தை எடுத்துச் சொல்லும் உரிமைதான் அது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. ஒடிசாவில் 1967, மத்தியப் பிரதேசத்தில் 1968 (அதன் இடத்தில் 2021-ல் புதுச் சட்டம்), ஜார்க்கண்டில் 2017 என்று சட்டங்கள் வந்திருக்கின்றன. பணம், வேலை, பள்ளியில் இடம் என்று ஆசை காட்டுவது குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும் அது தப்புதான். அரிசி மூட்டையோடு சுவிசேஷத்தைக் கட்டிக் கொடுப்பவன் இரண்டையும் கெடுக்கிறான். ஒரு சனிக்கிழமை ஒரு வக்கீலைக் கூப்பிட்டுப் பேச வை. காந்தி 1930-களில் ‘ஹரிஜன்’ இதழில் மிஷன்களைக் கேட்ட கேள்விகளையும் சபையார் படிக்கட்டும். பதில் சொல்லத் தெரியாமல் திணறுகிற கேள்வியைக் களத்தில் முதல்முறை கேட்பதைவிடச் சபை மண்டபத்தில் கேட்பது நல்லது.

இனி நூற்பாலை விஷயம். ஞாயிறு ஆராதனையில் வடஇந்தியாவுக்காகக் கண்ணீரோடு ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் “இந்த வடக்கன்களால உட்கார இடமில்லை” என்று சலித்துக்கொள்கிறவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். அந்த வார்த்தை வாயிலிருந்து போகிற வரையில் நூற்பாலைப் பக்கம் ஒருவரையும் அனுப்பாதே. அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒரே கூட்டமும் அல்ல. ஒடியா, சந்தாலி, சாத்ரி, அசாமி, போஜ்புரி என்று பல மொழிக்காரர்கள். அவர்களில் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருப்பவர்களும் கணிசம். சோட்டாநாக்பூரின் உராவோன், முண்டா மக்களிடையே திருச்சபை வேரூன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. உன் ஆள் கைப்பிரதியை நீட்ட, எதிரில் நிற்பவர் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவராக இருந்தால் என்ன செய்வான்? அவருக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை உட்கார ஒரு பெஞ்சு, அவர் மொழியில் பாட ஒரு பாட்டு, காய்ச்சல் வந்தால் கூட வந்து டாக்டரிடம் பேச ஒரு ஆள். கூலியைப் பிடித்துவைக்கும் கான்ட்ராக்டரிடம் அவருக்காகப் போய்ப் பேசுவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான். அந்தக் கான்ட்ராக்டர் நம் சபை மூப்பராகவே இருந்தால்? அதையும் முன்கூட்டியே யோசித்து வை.

ஜெபக் கடிதங்கள் எழுதும் பொறுப்பு உன்னுடையது என்று எழுதியிருந்தாய். மிஷன் பத்திரிகைகளில் வரும் நடை உனக்குத் தெரியும்: இருளில் கிடக்கும் ஜனங்கள், சாராயத்தில் மூழ்கிய கிராமம், அரைகுறை உடையில் ஒரு குழந்தையின் படம். காணிக்கை கூடும், வாஸ்தவம். எழுதி முடித்ததும் அந்தக் கிராமத்து மூப்பரை எதிரில் உட்கார வைத்து, அவர் மொழியில் அதை வாசித்துக் காட்ட முடியுமா என்று உன்னையே கேள். முடியாத வரியை அடித்துவிடு. படம் பிடிக்குமுன் தாயிடம் கேள். சரி என்று சொன்னாலும் வாட்ஸ்அப்பில் போடாதே. தன் பிள்ளையின் படம் எங்கெல்லாம் போகும் என்று தெரிந்தா அவள் சரி என்கிறாள்?

அர்ப்பணிப்பு ஆராதனையைக் கடைசிச் சனிக்கிழமை வைத்திருக்கிறாய், இருக்கட்டும். ஆனால் மேடையில் ஏற்றி மாலை போட வேண்டாம். போகும்போதே மாலை வாங்கியவர், வந்ததும் தோல்வியைச் சொல்ல மாட்டார்.

கடைசியாக, நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். இருபதும் ஆண்கள். தோர்ணக்கல்லில் கிராமத்து உபதேசியாருக்குப் பயிற்சி என்றால் மனைவிக்கும் சேர்த்தே பயிற்சி. அசரியாவின் மனைவி அன்பு அம்மாள் அந்தப் பெண்களுக்காக உழைத்தவர். மலைக்கிராமத்தில் ஒரு வீட்டின் அடுப்படி வரைக்கும் போய்ப் பேச உன் இருபது பேரில் ஒருவராலும் முடியாது. நூற்பாலை விடுதியில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசி, பத்துப் பெயரை மாற்றி, புதுப் பட்டியலையும் திருத்திய அட்டவணையையும் இந்த மாதத்துக்குள் எனக்கு அனுப்பிவை.

கிறிஸ்துவின் பணியில்,
உன் அண்ணன்