மோட்டார் சைக்கிள் டயர்: வீட்டில் மாற்றுவதும் பேலன்ஸ் பார்ப்பதும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டதும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நகக்கண்ணில் கிரீஸ் கறைதான் தெரிந்தது. சரி, தெரிந்ததையே எழுதுவோம் என்று இதை எழுதுகிறேன்.

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு போர்டிகோவில் அப்பாவின் பழைய புல்லட்டுக்கு முன் டயரை நானே மாற்றினேன். ஸ்போக்ஸ் வீல், டியூப் டயர், 3.25-19 அளவு. மறுநாள் காலை பெருமையோடு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் போவதற்குள் ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயரில் காற்றே இல்லை. இது மலை மேலிருந்து இறங்கும்போது, அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் நடந்திருந்தால் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

பஞ்சர் கடை அண்ணன் டியூபை வெளியே எடுத்து, அருகருகே இருந்த இரண்டு சிறு வெட்டுகளைக் காட்டினார். "இது ஆணி இல்லீங்க தம்பி. உங்க லிவர் கடிச்சது. டயர் இறுக்கமா இருந்துச்சுன்னு நெம்பினீங்களா?" என்றார். நெம்பினேன்தான். "பலத்தக் காட்டாதீங்க, பள்ளத்தக் காட்டுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். டயரின் ஓரத்தில், பீட் என்கிறோமே, அதற்குள் இரும்புக் கம்பி வளையம் இருக்கிறது. அது ரப்பர் மாதிரி நீளாது. ரிம்மின் விளிம்பு அந்த வளையத்தைவிடப் பெரியது. அப்புறம் எப்படி உள்ளே போகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கத்து பீடை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் விளிம்பைத் தாண்டும் அளவுக்கு இடம் கிடைக்கும். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் 1888ல் காப்புரிமை வாங்கிய காற்று டயரை ரிம்மோடு ஒட்டித்தான் இறுக்க வேண்டியிருந்தது. கம்பி வைத்த டயருக்கும் பள்ளம் வைத்த ரிம்முக்கும் 1890ல் காப்புரிமை வாங்கியவர் வெல்ச். நாம் போர்டிகோவில் உட்கார்ந்து டயர் கழற்றுவது அவர் புண்ணியம்.

ஆகவே லிவரைப் போடும்போதெல்லாம் நேர் எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பள்ளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லிவர் கஷ்டப்படுகிறது என்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி, மறுபடி மிதித்து, அப்புறம் தொடருங்கள். கழற்றும்போது வால்வு பக்கத்தில் ஆரம்பியுங்கள். மாட்டும்போது வால்வு பக்கத்தில் முடியுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும்.

டியூபை உள்ளே வைக்கும் முன் அதன் வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று அடியுங்கள். சப்பையாக வைத்தால் மடிப்பு விழுந்து லிவருக்கு நடுவில் மாட்டும். நான் செய்த தப்பு அதுதான். ஸ்போக்ஸ் முனைகளை மூடும் ரப்பர் பட்டையையும் பாருங்கள். கிழிந்திருந்தால் புதுசு போடுங்கள், பெரிய விலை இல்லை. டயரின் பக்கச்சுவரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதன்படி மாட்டுங்கள். டயர் வாங்கும்போதே நாலு இலக்க எண் ஒன்றைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரானது.

மாட்டியதும் காற்று அடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடியுங்கள். உள்ளே டியூபில் இருக்கும் சுருக்கம் போய்விடும். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் பீட் உட்காரவில்லை. அப்படியே ஓட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்கூட்டர்களின் ரிம் இரண்டு துண்டாக போல்ட் போட்டிருக்கும். காற்றை முழுசாக இறக்காமல் அந்த நட்டைத் தொட்டால் ரிம் பிரிந்து முகத்தில் அடிக்கும். இதில் விளையாட்டு கிடையாது. ட்யூப்லெஸ் டயரை வீட்டில் மாற்ற நான் சொல்ல மாட்டேன். கை பம்ப்பில் பீட் உட்காராது. கடைக்கே போங்கள்.

இனி பேலன்ஸ். முப்பது கிராம் வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று நானும்தான் நினைத்தேன். வகுப்பில் படித்ததைப் போட்டுப் பார்ப்போம். மைய விலக்கு விசை என்பது நிறை × ஆரம் × கோண வேகத்தின் வர்க்கம். ரிம்மின் ஆரம் சுமார் 24 செ.மீ., டயரோடு சேர்த்து 32 செ.மீ. மணிக்கு 80 கி.மீ. என்றால் வினாடிக்கு 22.2 மீட்டர், அதாவது சுமார் 69 ரேடியன். கணக்கு 35 நியூட்டன் பக்கம் வருகிறது. மூன்றரை கிலோ எடை! அது வினாடிக்கு 11 தடவை முன் ஃபோர்க்கைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. 40ல் போனால் இதில் கால் பங்குதான். அதனால்தான் ஐந்து ரோடு பக்கம் சுற்றும்போது ஒன்றும் தெரியாமல், பைபாஸ் ஏறியதும் கை நடுங்குகிறது.

கார் சக்கரம் அகலமானது, மெஷினில் சுற்றிப் பார்க்க வேண்டும். நம் சக்கரம் ஒல்லி. நிற்கும் பேலன்ஸ் பார்த்தால் பெரும்பாலும் போதும். பிரேக் பிளேட்டை எடுத்துவிட்டு, ஆக்சிலை பேரிங்கில் சொருகி, அதன் இரண்டு முனைகளையும் சம உயரமான இரண்டு முக்காலிகள் மேல் வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி விட்டால் கனமான இடம் கீழே வந்து நிற்கும். நேர் மேலே சாக்பீஸால் ஒரு கோடு. நாலைந்து தடவை செய்தும் அதே கோடு மேலே வந்தால் அங்கேதான் எடை வேண்டும். பேரிங்கில் கிரீஸ் இறுகிப் போயிருந்தால் சக்கரம் பொய் சொல்லும், அதை முதலில் கவனியுங்கள். ரிம்மே கோணலாக இருந்தால் ஸ்போக்ஸை டைட் பண்ணிக் கோட்டம் எடுத்த பிறகுதான் இந்த வேலை.

சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்து ஸ்போக்ஸில், நிப்பிளை ஒட்டி, ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் ஈயக் கம்பியைச் சுற்றுங்கள். ஐந்து ஐந்து கிராமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கே விட்டாலும் சக்கரம் அங்கேயே நின்றால் முடிந்தது. மேலே டேப் சுற்றிவிடுங்கள். எடை ரொம்ப அதிகமாகத் தேவைப்பட்டால் டயரை ரிம் மேல் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பல டயர்களில் லேசான இடத்தில் வண்ணப் புள்ளி இருக்கும், அதை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம்.

எனக்கு 25 கிராம் வைக்க வேண்டியிருந்தது. வண்டியில் மாட்டி, ஆக்சில் நட்டையும் பிரேக் கேபிளையும் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் சாவி போட்டேன். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டையும் காற்றையும் இன்னொரு முறை பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்காடு போனேன். இந்தத் தடவை பின்னால் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்.