ஆழ்சுரங்கமும் உடல்நலமும்: கோலார் தங்கவயல் தரும் படிப்பினைகள்

பிழைப்பை நாடி இடர் மிகுந்த இடத்திற்குச் செல்லும் மனிதன் தன் உயிரையும் உடல்நலத்தையும் எவ்வாறு காத்துக்கொள்வது? அவனைப் பணிக்கு அமர்த்துவோரின் கடமை எதுவரை நீடிக்கிறது? இவ்வினாக்களை ஆராய விரும்பும் மாணவருக்குக் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு அகழ்வுப் பணியை மேற்கொண்டனர். 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவிற்குத் தங்கம் எடுக்கப்பட்டது. நிலத்தடியில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ் மக்கள். அவர்களுள்ளும் மிகுதியானோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினர். வயல்வெளியின் வெயிலையும் மழையையும் அறிந்திருந்த அவர்களுக்கு, பூமிக்கடியில் காத்திருந்த ஆபத்துகள் முற்றிலும் புதியவை.

முதல் ஆபத்து வெப்பம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அங்குப் பாறையின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியசை எட்டியது. எனினும் காற்றின் வெப்பம் மட்டுமே மனிதனை வீழ்த்துவதில்லை. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை வழிந்தோடுமேயன்றி உலராது. ஆகவேதான் சுரங்கப் பொறியாளர், சாதாரண வெப்பமானியைவிட ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவையே பெரிதும் நம்புவர். குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்துதல், புதியவரின் உடல் பழகும்வரை பணியளவைப் படிப்படியாக உயர்த்துதல், நீரும் உப்பும் தாராளமாக வழங்குதல் ஆகியவை இதற்குரிய பாதுகாப்பு முறைகள். உடல் வெப்பத்திற்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் தேவை. இன்று வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களுக்குச் செல்லும் இளைஞருக்கும் இது பொருந்தும். அங்கே முதல் வாரத்தில் முழு வேலையையும் சுமத்தும் மேற்பார்வையாளர் அறியாமையால் மட்டும் அவ்வாறு செய்கிறார் என்று கொள்வதற்கில்லை.

இரண்டாவது ஆபத்து பாறை வெடிப்பு. ஆழத்தில் பாறை மாபெரும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. தங்கம் செறிந்த படிகப் பாறையை வெட்டி எடுக்க எடுக்க, அது தாங்கிய சுமை எஞ்சிய பாறையின்மீது ஏறுகிறது. தாங்கும் எல்லை கடந்தவுடன் பாறை நொடிப்பொழுதில் சிதறுகிறது. தொடக்ககால அறிக்கைகள் இதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று குறித்தன. பெரிய வெடிப்புகளின் அதிர்வைத் தரைமேலுள்ள குடியிருப்புகளும் உணர்ந்தன. வெட்டிய இடங்களைக் கருங்கல் சுவர்களாலும் பிற்காலத்தில் கான்கிரீட்டாலும் நிரப்பித் தாங்கச் செய்தனர். வெட்டும் வரிசையைத் திட்டமிட்டு மாற்றினர். நில அதிர்வுமானிகளைக் கொண்டு பாறையின் அசைவுகளைப் பதிவு செய்தனர். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் அமைக்கப்பட்டதன் பின்னணி இதுவே. சுரங்கங்கள் மூடப்பட்டு நீர் நிறைந்த பின்னரும் அதிர்வுகள் முற்றிலும் ஓயவில்லை.

இவ்விரண்டும் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படும் ஆபத்துகள். மூன்றாவதான தூசியோ ஓசையின்றிக் கொல்வது. படிகப் பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்கா துகள்களில், கண்ணுக்குத் தெரியும் பருமனானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகின்றன. ஒரு மீட்டரின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கிற்கும் குறைந்த நுண்துகள்களே நுரையீரலின் காற்றறைகளை அடைகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க முற்படும் உயிரணுக்கள் தாமே அழிகின்றன. அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்புகள் பெருகப் பெருக நுரையீரல் இறுகி மூச்சு திணறுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இந்நோயுற்றவரைக் காசநோயும் எளிதில் பற்றுகிறது. 1940களில் தங்கவயல் தொழிலாளரிடையே நடந்த விரிவான பரிசோதனை, ஐந்தில் இருவருக்கு மேல் இந்நோய் இருந்ததைக் காட்டியது.

தூசியை அடக்க வழி உண்டு. துளைக்கருவியின் வழியே நீரைச் செலுத்தினால் தூசி எழுமிடத்திலேயே படிந்துவிடும். ஆனால் அதே நீர் காற்றின் ஈரத்தை உயர்த்தி வெப்பத்தின் கொடுமையை மிகுவிக்கிறது! ஓர் ஆபத்தைக் குறைத்தால் மற்றொன்று தலைதூக்கும் இந்நிலையில், நீரும் காற்றோட்டமும் ஒருசேர அமைந்தாலன்றிப் பயனில்லை. முகமூடி கடைசிக் காப்பேயாகும். கடும் வெக்கையில் எட்டு மணி நேரமும் அதனை அணிந்திருக்க எவராலும் இயலாது என்பதை விதிகளை வகுப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், அரசுக்கு அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சிலிக்கோசிஸைக் கொண்டது. 1955ஆம் ஆண்டின் விதிகள், பணியில் சேரும்போதும் பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வகை செய்தன. ஆயினும் இவ்வேற்பாடு பணியிலிருப்போரையே முதன்மையாகக் கருதியது. நோயோ தூசியை விட்டு விலகிய பின்னரும் வளர்வது. மூச்சு வாங்கத் தொடங்கியதும் சொந்த ஊர் திரும்பிய தொழிலாளியைக் கிராமத்து மருத்துவர் காசநோயாளி என்றே கருத இடமுண்டு. அவ்வாறு அவன் சுரங்கத்தின் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறான். இழப்பீடு கோரும் ஆதாரமும் அவனிடம் இராது. இராஜஸ்தான் அரசு 2019இல் வகுத்த தூசு நோய்க் கொள்கை, நோயுற்ற தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்திற்கும் நிவாரணம் அளிக்க முன்வந்தது. ஏனைய மாநிலங்களும் கவனிக்கத்தக்க முன்மாதிரி அது.

தங்கவயலில் தூசி இன்றும் தீர்ந்தபாடில்லை. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டப்பட்ட 13 கழிவு மேடுகள், சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன் அளவில், குடியிருப்புகளையொட்டி நிற்கின்றன. ‘சயனைடு மலை’ எனப்படும் இம்மேடுகளைக் காண வருவோர் பெயரைக் கேட்டுச் சயனைடுக்கே அஞ்சுவர். வெயிலிலும் காற்றிலும் சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும்; மாவாய் அரைக்கப்பட்ட படிகத் துகளோ சிதைவதில்லை. காற்று வீசும் பருவத்தில் மேடுகளின்மீது ஏறாதிருத்தல், கைவிடப்பட்ட சுரங்கவாய்களை நெருங்காதிருத்தல், மேட்டடியில் தேங்கும் நீரைப் பயன்படுத்தாதிருத்தல் ஆகியவற்றைப் பார்வையாளர் கடைப்பிடிக்கவேண்டும். அங்கேயே வாழ்வோருக்கு இவ்வறிவுரை போதாது; மேடுகளைப் புல் பூண்டுகளால் மூடுவதே அவர்களுக்குரிய காப்பு.

இம்மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தை மீட்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. இப்பணி தொடங்குமாயின், படிந்து கிடக்கும் தூசி மீண்டும் கிளறப்படும். அதற்கு முன்னரே சுற்றுவட்டார மக்களுக்கும் முன்னாள் தொழிலாளருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்து, காசநோய்ப் பரிசோதனை செய்து, ஒவ்வொருவரும் எங்கு, எத்தனை ஆண்டு பணிபுரிந்தார் என்ற விவரத்துடன் பதிவு செய்யவேண்டும். பத்தாண்டு கழித்து எடுக்கும் படத்தை ஒப்பிட்டு நோக்க, இன்றைய படம் கையில் இருக்கவேண்டும்.