கணிப்பொறிகளிடையே வணிக விவரப் பரிமாற்றம்

வணிகரின் கணக்கு ஒரு மென்பொருளிலும், வரித்துறையின் பதிவேடு வேறொரு மென்பொருளிலும் இருப்பது இயல்பு. ஒன்றிலுள்ளதைப் பார்த்து மற்றொன்றில் மீண்டும் எழுதினால் காலம் வீணாகும். ஓர் எண் பிழைபடினும், சரக்கை வாங்கியவருக்குரிய உள்ளீட்டு வரி வரவு தடைப்படக்கூடும்.

இக்குறையைப் போக்குவது இணையச் சேவை. ஒரு மென்பொருள் விடுக்கும் வேண்டுகோளை மற்றொன்று இணையத்தின் வழியே பெற்று, மறுமொழி அளிக்கும் ஏற்பாடே அது. இரண்டும் ஒரே நிரல்மொழியில் அமைந்திருக்க வேண்டுவதில்லை. வங்கிச் சலானில் பெயருக்கும் தொகைக்கும் தனித்தனி இடம் குறித்திருப்பதுபோல, எவ்விவரம் எங்கு வரும் என்னும் உடன்பாடே இன்றியமையாதது.

நமது மின்-விலைப்பட்டியல் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது; 2023 ஆகஸ்ட் 1 முதல் அவ்வரம்பு 5 கோடியாயிற்று. விற்பவரின் மென்பொருள், பட்டியலை ஜேசன் என்னும் வடிவில் பதிவுத் தளத்திற்கு அனுப்புகிறது. பிழையிருப்பினும், முன்பே பதிந்த பட்டியலாயினும், தளம் காரணங்காட்டி மறுக்கும். சரியாயின், 64 எழுத்துக்கள் கொண்ட குறியெண்ணையும், மின்கையொப்பமிட்ட கியூஆர் குறியீட்டையும் அளிக்கும். அதே விவரம் சரக்கு-சேவை வரித் தளத்திற்கும் தானே சென்றுவிடும்.

ஆயினும், சரக்கு மெய்யாகவே கைமாறியதா என்பதைப் பதிவுத் தளம் அறியாது. உரிய வடிவில் வந்த பொய்க்கணக்கும் எல்லாப் பதிவேடுகளிலும் ஏறிவிடும். ஆகவே, முதற்பதிவைச் செய்பவரின் நேர்மையும் கவனமுமே இம்முறைக்கு அடித்தளமாகும்.