வீட்டுக் கணினியின் ஐபி முகவரியை மாற்றுவது எப்படி?

மணவாளக்குறிச்சியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகளின் கல்விக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டாமே என்று அம்மா வீட்டுக் கணினியிலேயே விண்ணப்பத்தை நிரப்புகிறார். பாதியில் நெட் போய்விடுகிறது. திரையில் 'ஐபி முகவரி மோதல்' என்று ஓர் அறிவிப்பு. நாளை கடைசி நாள். "இனி யார விளிச்சுக் கேக்க?" என்று கையைப் பிசைகிறார்.

பயப்பட வேண்டாம். இது நீங்களே சரிசெய்யக்கூடிய கோளாறுதான். அவசரம் என்றால் முதலில் ஒன்று செய்யுங்கள்: உங்கள் ஸ்மார்ட்போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கணினியை அதில் இணைத்து விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பிறகு நிதானமாகக் கோளாறைப் பார்க்கலாம்.

ஐபி முகவரி என்றால் என்ன?

உங்கள் வீட்டுக்குப் பேரூராட்சி கொடுத்த கதவு எண் இருக்கிறது. தபால்காரர் அதைப் பார்த்து வருகிறார். வீட்டுக்குள் எந்தக் கடிதம் யாருக்கு என்பதை வீட்டார் பிரித்துக் கொடுக்கிறார்கள். இணையத்திலும் இதே கதைதான். உங்கள் இணைப்புக்கு இணைய நிறுவனம் தரும் எண் வெளி முகவரி. உங்கள் கணினி, போன், பிரிண்டர், கேமரா ஒவ்வொன்றுக்கும் ரௌட்டர் தரும் எண் உள் முகவரி. இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

பக்கத்து மண்டைக்காட்டில் ஒரு வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம். அதனால் சிக்கல் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு கருவிகளுக்கு அதே எண் வந்தால்தான் மோதல். பிரிண்டருக்கோ கேமராவுக்கோ யாராவது நிலையான எண் போட்டிருப்பார்கள். அது தெரியாமல் ரௌட்டர் அதே எண்ணைக் கணினிக்கும் கொடுத்துவிடும்.

கோளாறு எங்கே?

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் கோளாறு ரௌட்டரிலோ வெளி இணைப்பிலோ இருக்கிறது. கணினியின் ஐபியை மாற்றிப் பயனில்லை. போனில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து அதற்கு எண்ணே கிடைக்கவில்லை என்று பொருள்.

மாற்றும் முறை

1. முதலில் ரௌட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். கணினியையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே புது எண் கிடைத்துச் சரியாகிவிடும்.

2. சரியாகவில்லையா? விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் ப்ராப்பர்டீஸ் என்று போங்கள். கேபிள் இணைப்பு என்றால் வைஃபைக்குப் பதில் ஈதர்நெட்.

3. 'ஐபி அசைன்மென்ட்' பக்கத்தில் 'எடிட்' அழுத்துங்கள். அங்கே 'மேனுவல்' என்று இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிச் சேமியுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் நல்லது.

4. கணினிக்கு நிலையான எண்தான் வேண்டும் என்றால் 'மேனுவல்' தேர்ந்து ஐபிவி4-ஐ இயக்குங்கள். ரௌட்டரின் எண் 192.168.1.1 என்றால், கணினிக்கு 192.168.1.200 போல யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணைப் போடலாம். அது ரௌட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே இருக்க வேண்டும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, விண்டோஸ் 10 என்றால் அந்த இடத்தில் 24. கேட்வே, டிஎன்எஸ் இரண்டிலும் ரௌட்டரின் எண்ணைப் போடுங்கள். டிஎன்எஸ்ஸை வெறுமையாக விட்டால் இணையதளங்கள் திறக்காது.

மாற்றுவதற்கு முன் பழைய எண்களைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தவறினால் பழையபடி திருப்பிவிடலாம்.

வெளி முகவரியை மாற்ற முடியுமா?

ரௌட்டரை அணைத்துப் போட்டால் சில இணைப்புகளில் வெளி எண் மாறும், சிலவற்றில் மாறாது. நிலையான வெளி எண் வேண்டுமென்றால் இணைய நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பொதுவாக அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. காரணம் தட்டுப்பாடு. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலக இருப்பில் எஞ்சிய கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரியிலேயே பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் பல வீடுகள் ஒரே வெளி எண்ணைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. இந்தத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாக வந்ததுதான் ஐபிவி6.

இரண்டு எச்சரிக்கைகள்

ஐபியை மாற்றினால் நம்மை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. எந்த எண் எந்த நேரத்தில் யாருக்குத் தரப்பட்டது என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் வைஃபையில் வேறொருவர் தப்பு செய்தாலும், முதல் விசாரணை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். ஆகவே கடவுச்சொல்லைக் கண்டவருக்கெல்லாம் சொல்லாதீர்கள். ரௌட்டருடன் வந்த பழைய கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. "உங்க ஐபி அட்ரஸ்ல குற்றம் நடந்திருக்கு, உங்களை டிஜிட்டல் கைது செஞ்சிருக்கோம்" என்று வீடியோ காலில் போலீஸ் உடையில் யாராவது மிரட்டினால் உடனே துண்டியுங்கள். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. ஐபியைச் சரிசெய்து தருகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள் என்று தானாக அழைப்பவரையும் நம்பாதீர்கள். அந்த ஆப் வழியாக அவர் உங்கள் திரையையும் ஓடிபியையும் பார்க்க முடியும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

கணினி தெரியாத பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கடைசிப் பகுதியையாவது இன்றே வாசித்துக் காட்டுங்கள்.