கரைவலைக் கணக்கைக் கோப்பாக அனுப்புபவர்களுக்கு

உடப்புக் கரையில் வலை இழுத்து, மீன் விற்று, பங்கு பிரித்த கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் குறிப்புகள். வங்கியோ சங்கமோ அந்தக் கணக்கைக் கோப்பாகக் கேட்கும்போது கைகொடுக்கும்.

1. அறிக்கை மென்பொருளில் ஒரே கணக்குக்கு இரண்டு வடிவம் செய்து வையுங்கள். அச்செடுப்பதற்கான வடிவத்தில் அம்மன் படம், பக்க எண், அடியில் மொத்தம் என்று எதையும் போடலாம். கோப்புக்கான வடிவத்தில் முதல் வரி நிரல்களின் பெயர், அதன்கீழ் பதிவுகள், அவ்வளவுதான். அச்சு அறிக்கையையே சிஎஸ்வியாக (நிரல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் வெறும் எழுத்துக் கோப்பாக) மாற்றினால் "இன்றைய மொத்தம்" என்பவரும் ஒரு பங்காளியாகிப் பணம் கேட்பார்.

2. ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஒரு இழுப்பா, ஒரு மீன் வகையா, ஒருவருடைய பங்கா? மூன்றையும் ஒரே கோப்பில் கலந்தால், ஒரு இழுப்பின் விற்பனைத் தொகை ஒவ்வொரு பங்காளியின் வரியிலும் திரும்பத் திரும்ப வரும். கூட்டிப் பார்த்தால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கோடீசுவரர். இழுப்புக்கு ஒரு கோப்பு, பங்குக்கு ஒரு கோப்பு என்று பிரித்து, இரண்டிலும் இழுப்பு எண்ணைப் போட்டு இணைப்பதே நல்லது.

3. அதிகம் கெடுவது அடையாள அட்டை எண்தான். பழைய அட்டையில் 9 இலக்கமும் பின்னால் ஓர் எழுத்தும் இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை. 2016இல் வந்த புதிய எண் 12 இலக்கம். சிஎஸ்வியை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் அதை 1.99E+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போயே போய்விடும். 032, 077 என்று தொடங்கும் தொலைபேசி எண்களின் முன்பூச்சியமும் விழுந்துவிடும். மென்பொருளில் நிரலை 'எழுத்து' வகையாக வைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் சிஎஸ்வி அந்த வகையை நினைவில் வைப்பதில்லை. எக்ஸெலின் 'தரவு' பகுதி வழியாக இறக்குமதி செய்து, அந்த நிரல்களுக்கு 'எழுத்து' என்று தெரிவு செய்ய வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கு நோட்பேட் போதும்.

4. திகதி 2025-02-03 என்றே இருக்கட்டும். 03/02 என்று எழுதினால் நமக்குப் பெப்ரவரி 3. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு மார்ச் 2.

5. "சூடை, கீரி, நெத்தலி" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் காற்புள்ளி ஒவ்வொன்றிலும் நிரல் உடையும். முகவரியிலும் இதே தொல்லை. அப்படிப்பட்ட கட்டங்களை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்கும் தெரிவு மென்பொருளில் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பணத்தை 150000 என்று காற்புள்ளி இல்லாமல் எழுதுங்கள். 'கிலோ', 'ரூபா' இரண்டும் நிரல் தலைப்பில் இருந்தால் போதும்.

6. தமிழ்ப் பெயர்களை யூனிக்கோடில் மட்டும் தட்டச்சுங்கள். நம்மில் பலருக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் கை ஓடும், ஆனால் சிஎஸ்விக்குள் எழுத்துரு போகாது. பாமினியில் அடித்த பெயர் மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். பாமினி விசை அமைப்பிலேயே யூனிக்கோடு தரும் கருவிகள் கிடைக்கின்றன. கோப்பைச் சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' தெரிவு செய்யுங்கள். எக்ஸெலுக்குப் போகும் கோப்பென்றால் 'பிஓஎம் உடன்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. ஊர்ப் பெயர் ஒரு வரியில் உடப்பு, அடுத்ததில் உடப்பூர் என்று இருந்தால் கணினிக்கு அவை இரண்டு ஊர். தெரிவுப் பட்டியல் ஒன்று வைத்துவிடுங்கள்.

8. அனுப்பும் செய்தியிலேயே எத்தனை வரி, மொத்தம் எத்தனை ரூபா என்று எழுதுங்கள். பெறுபவர் அங்கே கூட்டிப் பார்த்து, வழியில் ஏதும் விழுந்ததா என்று உடனே சொல்லிவிடலாம். அடையாள அட்டை எண் உள்ள கோப்பை வட்ஸ்அப் குழுவில் போடாமல், கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள்.