கடைக்காரருக்கும் ஓட்டம் வரும்

காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் நம்மைச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் தேடி வருகின்றன. "இந்த வயதில் ஓட்டமா?" என்று தள்ளிவிட வேண்டாம். சென்னை மேயராக இருந்த திரு. மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோய் உள்ளவர். 2004இல் நடந்த விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் ஓட்டங்கள் நூற்றுக்கும் மேல் முடித்திருக்கிறார்.

ஆனால் முதல் நாளே பெரிய கொள்முதல் கூடாது. சந்தவாசலில் முதல் நாள் மூச்சுமுட்ட ஓடிய நான், முழங்கால் வீங்கி ஒரு வாரம் கடைப்படி ஏறவில்லை. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். இதை அறியாததே என் பிழை.

முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். 5 நிமிடம் நடந்தபின், 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று ஐந்தாறு முறை செய்யுங்கள். ஓடும்போதே பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். வாரந்தோறும் சிறிது கூட்டலாம். சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருக்கவும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சிறுமுதலில் தொடங்கி, நாள் தவறாமல் திறந்த கடையே நிலைக்கும். ஓட்டமும் அப்படித்தான்.